நிமிடக் கணக்கில் இசையை விற்கச் சொல்லாதீர்கள்: ஒரு திறந்த மடல்

தனி ஆர்டரில் இசை செய்து வாங்கித் தரும் தளத்தை நடத்துகிறவர்களுக்கு,

விலை விதிகளை மாற்றப்போவதாக நீங்கள் எங்களுக்கு அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். இனிமேல் ஒவ்வொரு இசையமைப்பாளரும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு விலைதான் போட முடியும். வாடிக்கையாளர் திருப்தி அடையும்வரை திருத்தங்கள் இலவசம். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் பணம் விடுவிக்கப்படும். தளத்தில் நாங்கள் ஏற்றும் எல்லாவற்றின் முழு உரிமையும், டெமோ உட்பட, ஏற்றிய அந்தக் கணமே வாங்குகிறவருக்குப் போய்விடும். இதுவரை தனியாக இருந்த லைசன்ஸ் பகுதி எடுக்கப்படும். இதையெல்லாம் எளிமைப்படுத்துகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்குகிறவருக்கு எல்லாம் எளிதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இந்த விதிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால், இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் உங்கள் தளத்தில் நீடிக்க முடியாது. எந்த நிறுவனத்தையும் சாராமல், ட்யூன் போடுவதிலிருந்து வாசிப்பது, பதிவு செய்வது, மிக்ஸ் செய்வது, பில் அனுப்புவது வரை தனி ஆளாகச் செய்கிற பலர் உங்களிடம் இருக்கிறோம். இந்த முடிவை எடுக்கும்முன் எங்களில் யாரையும் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் இந்த நிமிடக் கணக்கு. முப்பது நொடி விளம்பரத்துக்கு இசை கேட்டால் உங்கள் விதிப்படி அது அரை நிமிட விலை. மூன்று நிமிடம் ஓடும் அமைதியான பின்னணி இசை கேட்டால் அதைப்போல ஆறு மடங்கு. வேலை செய்கிற இடத்தில் நிலைமை பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருக்கும். நீளமான பின்னணி இசையில் ஒரு மனநிலையைப் பிடித்துவிட்டால் அதை நிதானமாக விரித்துக்கொண்டு போகலாம். முப்பது நொடியில் அதற்கு இடமே கிடையாது, ஒவ்வொரு நொடியும் படத்தோடு கட்டப்பட்டிருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், உங்கள் தளத்தில் வந்த ஆர்டர்தான். விளம்பரத்தின் நீளம் முப்பது நொடி, நான் எடுத்துக்கொண்ட வேகம் 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 பீட். அந்த வேகத்தில் ஒரு பீட் அரை நொடி, நான்கு பீட் கொண்ட ஒரு பார் இரண்டு நொடி, ஆக மொத்தம் 15 பார். பொருளின் பெயர் திரையில் வரும்போது ட்யூன் சரியாக அங்கே வந்து இறங்க வேண்டும் என்று கேட்டார்கள், அப்படியே அமைத்தேன். படத்தின் எடிட்டிங் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் வயலின் கலைஞரை வரவழைத்துப் பதிவு செய்தேன். அப்புறம் எடிட்டர் நடுவில் ஒரே ஒரு நொடியை வெட்டினார். பார்க்கிறவருக்கு அது ஒரு நொடி, எனக்கு அது அரை பார். இனி ட்யூனிலிருந்து அரை பாரை எங்கேயாவது பிடுங்க வேண்டும், பிடுங்கினால் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திய மாதிரி கேட்கும். இல்லையென்றால் அறுபது பீட்டையும் 29 நொடிக்குள் அடக்க வேகத்தை 124 பிபிஎம்முக்குக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் வாசித்த டிராக்குகள் அதற்கு மறுபேச்சில்லாமல் ஏறிவிடும். ஆள் வாசித்த வயலின் அப்படி ஏறாது. அதைச் சுருக்கிப் பார்த்தேன், வில் தந்தியைப் பிடிக்கும் அந்தத் தொடக்கங்கள் மழுங்கிப்போயிருந்தன. பக்கத்தில் வேறு வாத்தியம் எதுவும் இல்லாத இடம், அதனால் மறைக்கவும் வழியில்லை. கலைஞரை மறுபடி அழைத்து வாசிக்க வைத்தேன், மறுபடியும் முழுச் சம்பளம் கொடுத்தேன். இப்போது உங்கள் புது விதியை இந்த ஆர்டர்மேல் வைத்துப் பாருங்கள். வேலை கிட்டத்தட்ட இரட்டிப்பான பிறகு, நீளம் ஒரு நொடி குறைந்துவிட்டதால் என் விலை குறைந்திருக்கும்.

கேமுக்குச் செய்யும் லூப்பும், அதாவது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்தே ஓடும் இசைத் துண்டும், இப்படித்தான். ஒரு நிமிட லூப் என்றால் உங்கள் பட்டியலில் அது சின்ன ஆர்டர். ஆனால் விளையாடுகிறவர் அந்த ஒரு நிமிடத்தை மணிக்கணக்கில் கேட்கப்போகிறார், எத்தனை முறை திரும்ப வந்தாலும் எரிச்சல் தராத ட்யூனாக அது இருந்தாக வேண்டும். கடைசி பாரின் எதிரொலி அடங்குவதற்குள் முதல் பார் தொடங்கிவிடும், அந்த வாலை எடுத்து தொடக்கத்தின்மேல் சரியாகப் படியவிட வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன வெட்டு காதில் விழும். துணியை மீட்டரில் அளந்து விற்கலாம், தையல் கூலியை யாரும் மீட்டரில் கேட்பதில்லை. எங்களிடம் வருகிறவர் வாங்குவது தையலைத்தான். மீட்டர் கணக்கில் வேண்டுமென்றால் அவருக்கு ஏற்கெனவே செய்துவைத்த லைப்ரரி இசை எவ்வளவோ கிடைக்கிறது, அதை விட்டுவிட்டு அவர் உங்கள் தளத்துக்கு வருவதற்குக் காரணம் அவருடைய படத்துக்கும் அவருடைய குரலுக்கும் அளவெடுத்துச் செய்த ஒன்று வேண்டும் என்பதுதான்.

நான் எப்படி விலை போடுகிறேன் என்று சொல்கிறேன், என்னைப் போன்ற பலரும் கிட்டத்தட்ட இப்படித்தான் போடுகிறார்கள். முதலில் வேலைக்கான கூலி. அதில் வாடிக்கையாளரோடு பேசி அவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்கிற நேரம் உண்டு (சில ஆர்டர்களில் இதுதான் மிகப்பெரிய வேலை, ஏனென்றால் அவர் அனுப்புகிற ரெஃபரன்ஸ் பாட்டில் அவருக்குப் பிடித்தது ட்யூனா, தாளமா, இல்லை அந்தப் பாடகியின் குரலா என்று அவருக்கே பல நேரம் தெளிவாக இருக்காது), ட்யூன் போடுவது, வாத்தியங்களை அமைப்பது, பதிவு, மிக்ஸ், மாஸ்டரிங் (மிக்ஸை வெளியிடும் தரத்துக்கு இறுதியாகச் சரிசெய்வது), இத்தனை திருத்தங்கள் என்று பேசிக்கொண்ட அளவு, எல்லாம் உண்டு. அடுத்தது வெளிச்செலவு: பாடகர், வாத்தியக் கலைஞர், ஸ்டூடியோ வாடகை. பாடுகிறவர் அரை நிமிடம் பாடினாலும் நாலு நிமிடம் பாடினாலும் அந்தப் பொழுதை எனக்காக ஒதுக்கி வருகிறார், சம்பளமும் அந்தப் பொழுதுக்குத்தான். மூன்றாவது, பயன்பாட்டுக்கான லைசன்ஸ். எங்கே, எவ்வளவு காலம், என்ன தேவைக்கு, தனக்கு மட்டுமா அல்லது நானும் பயன்படுத்தலாமா என்பதைப் பொறுத்து அது மாறும். இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் வாடிக்கையாளரோடு நேர்மையாகப் பேச முடியும். பட்ஜெட் குறைவு என்று அவர் சொன்னால், வயலினை விட்டுவிட்டு கிட்டாரோடு செய்யலாம், அல்லது லைசன்ஸை ஓராண்டுக்குச் சுருக்கிக்கொள்ளலாம் என்று என்னால் வழி சொல்ல முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டு நிமிடத்தால் வகுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், விலையைக் குறை.

இதில் உங்கள் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொத்தத் தொகையின்மேல் பங்கு எடுக்கிறீர்கள். அந்த மொத்தத்துக்குள் பாடகிக்குப் போகிற பணமும் இருக்கிறது, அது என் வருமானமே இல்லை, என் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான். ஆள் வைத்து வாசிக்கிற ஆர்டர் ஒவ்வொன்றிலும் அந்தப் பங்கு என் கூலியிலிருந்துதான் போகிறது. இதனாலேயே பலர் சாம்பிளை, அதாவது ஏற்கெனவே பதிவு செய்துவைத்த வாத்திய ஒலிகளை, வைத்தே முடித்துவிடுகிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்களா என்று தெரியவில்லை. லைசன்ஸும் வெளிச்செலவும் தனி வரியில் இருந்தவரை, இதைச் சரிசெய்யுங்கள் என்று கேட்கவாவது வழி இருந்தது, இனி அந்த வரியே இருக்காது.

திருத்தங்களுக்கு வருகிறேன். திருத்தம் கேட்கிற வாடிக்கையாளர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தன் படத்துக்கு, தன் குரலுக்கு, தன் மகளின் முதல் நடன நிகழ்ச்சிக்கு என்று கேட்கிறவர் அது மனசுக்குப் பிடித்த மாதிரி அமைய வேண்டும் என்று நினைப்பது நியாயம். அதற்குத்தான் நாங்கள் வேலையைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முதலில் வெறும் கீபோர்டில் ட்யூனை வாசித்து அனுப்புகிறேன். அந்தக் கட்டத்தில் ட்யூனையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு கேட்டாலும் சரி, செய்துவிடலாம். அவர் சரி சொன்ன பிறகு வாத்தியங்களை அமைத்து ஒரு டெமோ. அதிலும் மாற்றலாம். அதற்கும் சரி சொன்ன பிறகுதான் ஆட்களை வைத்துப் பதிவு. பதிவு முடிந்தபின் மிக்ஸில் குரலைக் கூட்டு, தாளத்தைக் குறை என்பதெல்லாம் சாதாரணம். ஆனால் மிக்ஸ் கேட்டபிறகு சுருதியை மூன்று கட்டை இறக்கிவிடுங்கள் என்றால், அது திருத்தம் ஆகாது, புது வேலை. பதிவான குரலைக் கம்ப்யூட்டரில் அவ்வளவு இறக்கினால் அது வேறு யாரோ பாடியதுபோல ஆகிவிடும், பாடகியைக் கூப்பிட்டு மறுபடி பாட வைப்பதைத் தவிர வழியில்லை.

எல்லையில்லாத திருத்தம் என்று நீங்கள் எழுதிவிட்டால் இந்தப் படிகளுக்கு அர்த்தம் போய்விடும். கீபோர்டு டெமோவைக் கவனமாகக் கேட்க வேண்டிய அவசியம் வாடிக்கையாளருக்கு இருக்காது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமே. ஒரு குழுவுக்காகச் செய்த ஆர்டரில் இது எனக்கு நடந்தது. ஒருவர் சரி சொல்வார், அடுத்த வாரம் அதே குழுவில் இன்னொருவர் முதல்முறையாகக் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஃபீல் வேண்டும் என்பார், அதை மாற்றி அனுப்பினால் முதலாமவர் பழையதே நன்றாக இருந்தது என்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, அவ்வளவுதான். நான் தொகையோடு திருத்தங்களின் எண்ணிக்கையையும் எழுதி வைத்திருந்ததால், அது முடிந்துவிட்டது, இனி ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் கட்டணம் என்று நினைவூட்டினேன். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒரே பட்டியலாக அனுப்பினார்கள், அதோடு வேலை முடிந்தது. கட்டணம் வாங்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வரி இருந்ததுதான் இரண்டு தரப்புக்கும் உதவியது. நீங்கள் எடுக்கப்போவது அந்த வரியை.

பணம் கடைசியில்தான் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். திருத்தத்துக்கு முடிவு இல்லை, திருத்தம் முடிந்தால்தான் பணம். அப்படியானால் வாடிக்கையாளர் பதில் எழுதாமல் சும்மா இருந்துவிட்டால் போதும், என் பணம் உங்களிடமே கிடக்கும். பாடகிக்கு நான் பதிவு அன்றே கொடுத்திருப்பேன். தொடங்கும்போது பாதி அட்வான்ஸ், முடித்ததும் மீதி என்பது ஆர்டர் எடுத்துச் செய்யும் இசையில் ரொம்ப நாளாக இருக்கும் வழக்கம். அது பேராசையால் வந்ததில்லை. ஒருவருக்காகவே அளவெடுத்துச் செய்ததை வேறு ஒருவரிடம் விற்க முடியாது என்பதால் வந்தது.

டெமோ விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு டெமோ அனுப்பினேன், பிடித்திருக்கிறது என்றார், யோசித்துச் சொல்கிறேன் என்றார், பிறகு ஆர்டரை ரத்து செய்துவிட்டார். சரி, அது அவர் உரிமை. சில மாதம் கழித்து அவருடைய வீடியோ ஒன்றில் என் டெமோ ஓடிக்கொண்டிருந்தது. புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் தற்காலிகமாக நான் போட்டு வைத்திருந்த மெலிந்த சாம்பிள், மூச்சே விடாமல் நீட்டிய அந்தச் சுரம், எல்லாம் அப்படியே. என் பெயர் இல்லை, பணமும் இல்லை. உங்களிடம் புகார் கொடுத்தேன், அன்றைய விதி என் பக்கம் இருந்ததால் வீடியோவிலிருந்து அது நீக்கப்பட்டது. அதற்கு நன்றியும் சொன்னேன். புதிய விதி அமலுக்கு வந்தால் அவர் செய்தது முழுக்க முறையானதாகிவிடும், ஏனென்றால் நான் ஏற்றிய கணமே டெமோ அவருடையது. ரத்து செய்கிறவருக்கு இலவச இசை தருகிற விதி இது. வேறு எப்படிப் படித்தாலும் எனக்கு இந்த அர்த்தம்தான் வருகிறது.

உரிமை பற்றி. ஒரு பதிவான பாட்டில் குறைந்தது இரண்டு உரிமைகள் இருக்கின்றன: ட்யூனும் வரிகளும் சேர்ந்த படைப்பின் உரிமை ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. உங்கள் அறிவிப்பில் இந்த வேறுபாடே இல்லை. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கை, படைப்பாளியின் உரிமையை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிக்க வேண்டும் என்றது. 1908 பெர்லின் திருத்தத்தோடு அந்த உரிமைக்குப் பதிவோ முத்திரையோ எதுவும் தேவையில்லை என்று ஆனது, 1928 ரோம் திருத்தத்தில் படைப்பின் பொருளாதார உரிமையை விற்றுவிட்டாலும் இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளியிடமே இருக்கும் என்பதும் சேர்ந்தது. உலகம் முழுக்க, எல்லா உரிமையும், என்றென்றைக்கும் என்று நீங்கள் ஒரே வரியில் எழுதியிருப்பது பல நாடுகளில் அப்படியே நிற்காது. ஜெர்மனியில் பதிப்புரிமையை உயிரோடு இருக்கும் ஒருவர் இன்னொருவருக்கு மாற்றித் தரவே முடியாது, பயன்படுத்தும் அனுமதியைத்தான் தர முடியும். அமெரிக்காவின் 1976 சட்டத்தில், ஆர்டர் கொடுத்துச் செய்த படைப்பு ஆர்டர் கொடுத்தவருடையதாக ஆக வேண்டுமென்றால் அது சட்டம் பட்டியலிட்ட ஒன்பது வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து ஆவணமும் வேண்டும். படத்துக்காகச் செய்த இசை அதில் அடங்கும், தனியாகக் கேட்பதற்குச் செய்த பாட்டு என்ற வகை அந்தப் பட்டியலில் இல்லை. உலகம் முழுக்க ஆள் வைத்திருக்கும் நீங்கள் இதை ஒரு சட்ட வல்லுநரிடம் கேட்டிருக்கலாம், இப்போதாவது கேளுங்கள்.

இன்னொன்று, இது சட்டத்தைவிட நடைமுறைச் சிக்கல். எங்களில் பலர் காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் லைப்ரரியிலிருந்து ஒரு டிரம் லூப்பையோ ஒரு தாள வரிசையையோ பயன்படுத்துகிறோம். அந்த லூப் எங்களுடையது அல்ல, எங்களுக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி, அதே அனுமதி அந்த லைப்ரரியை வாங்கிய எல்லோரிடமும் இருக்கிறது. அப்படி இருக்க, இதன் முழு உரிமையும் உனக்கு மட்டும் என்று வாங்குகிறவருக்கு நான் எப்படி எழுதிக் கொடுப்பது? உங்கள் விதி என்னை என்னிடம் இல்லாத ஒன்றை விற்கச் சொல்கிறது. நாளை இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே லூப்புக்குச் சொந்தம் கொண்டாடினால் அந்தத் தகராறு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

இந்த முடிவுக்கு நீங்கள் சொல்லும் காரணம், வீடியோக்களில் இருக்கும் இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி வழியாக வாடிக்கையாளர்களின் வீடியோக்கள்மேல் உரிமைக் கோரிக்கை வருகிறது, அவர்கள் பயந்துபோகிறார்கள் என்பது. இது உண்மையான பிரச்சினை, நான் மறுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய இசைக்காகத் தன் வீடியோவின் வருமானம் வேறு யாருக்கோ போவதைப் பார்க்கிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அது ஏன் வருகிறது? இசையமைப்பாளரோ அவருடைய விநியோகஸ்தரோ அந்த டிராக்கை கன்டென்ட் ஐடியில் சேர்த்திருப்பார்கள், அந்த இயந்திரத்துக்கு ஒலி பொருந்துகிறதா என்பதுதான் தெரியும், லைசன்ஸ் யாரிடம் இருக்கிறது என்பது தெரியாது. இதைத் தீர்க்க வாடிக்கையாளரின் சேனலை அனுமதிப் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்தால் போதும், அல்லது ஆர்டரில் செய்த இசையை கன்டென்ட் ஐடியில் சேர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டால் போதும். முழு உரிமையையும் மாற்றிக் கொடுத்தால் பிரச்சினை இடம் மாறுமே தவிரப் போகாது. வாங்கினவர் அதே டிராக்கை கன்டென்ட் ஐடியில் சேர்ப்பார், அதே லூப் இருக்கிற என் வேறொரு வேலைமேல், வேறொரு வாடிக்கையாளரின் வீடியோமேல், கோரிக்கை வந்து விழும்.

முழு உரிமையையும் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நிறுவனம் தன் அடையாள இசையாகப் பல ஆண்டு பயன்படுத்த நினைத்தால் அதற்கு முழு உரிமை வேண்டும்தான், அதற்கான விலையில் தருகிறேன். ஆனால் பெற்றோரின் மணநாளுக்கு வீட்டில் போட்டுக் காட்ட ஒரு பாட்டு கேட்கிறவருக்கு அது எதற்கு? அவருக்கு அந்தப் பாட்டை வேண்டிய மட்டும் கேட்கவும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பவும் அனுமதி போதும், அதற்குரிய சின்னத் தொகையில் செய்து கொடுத்திருக்கிறேன், அவர்களும் சந்தோஷமாகப் போயிருக்கிறார்கள். இனி நிறுவனத்துக்கும் அவருக்கும் ஒரே விலைதான் போட முடியும் என்றால் நான் எந்த விலையைப் போடுவது? உயர்த்திப் போட்டால் அவர் வர மாட்டார். தாழ்த்திப் போட்டால் ஊர் முழுக்க ஓடப்போகிற விளம்பரத்துக்கு ஒரு குடும்பப் பாட்டின் விலையில் என் ட்யூனை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டதாக ஆகும். எளிமை வேண்டும் என்று நீங்கள் நினைக்கிற அந்தச் சின்ன வாடிக்கையாளருக்குத்தான் இதில் முதல் நஷ்டம்.

எழுதியதெல்லாம் ஆர்டர் கொடுத்தவருக்கே என்ற ஏற்பாடு புதிதில்லை. 1761-இல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் எஸ்டர்ஹாஸி பிரபுவின் அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தம் அப்படித்தான் இருந்தது. அவர் எழுதியது பிரபுவுக்கு மட்டும், அனுமதியில்லாமல் வேறு யாருக்கும் எழுதவும் கூடாது. ஆனால் அதற்குப் பதிலாக அவருக்கு மாறாத சம்பளம் இருந்தது, வாசிக்க ஓர் இசைக்குழுவே இருந்தது. அந்தத் தடையும்கூட 1779-இல் போட்ட புதிய ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டது, அதன் பிறகு அவர் தன் இசையைப் பதிப்பாளர்களுக்குத் தானே விற்றார். நீங்கள் எங்களுக்குச் சம்பளம் தரவில்லை, அடுத்த மாதம் ஆர்டர் வரும் என்ற உறுதியும் தரவில்லை, தரவும் முடியாது, அது உங்கள் தொழிலின் தன்மை. அப்படியிருக்க, சம்பளம் வாங்கியவர்மேல்கூடக் கடைசிவரை நிற்காத நிபந்தனையை எங்கள்மேல் வைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இயந்திரம் நொடியில் இசை செய்து தருகிற காலத்தில் விலை குறையத்தான் வேண்டும் என்றும் அறிவிப்பில் ஒரு வரி இருக்கிறது. குறைந்த விலையில் ஏதோ ஓர் ஒலி போதும் என்பவர் அங்கே போகட்டும், அவரைத் தடுக்க முடியாது. ஆனால் மனிதர் படைக்காத, முழுக்க இயந்திரமே உருவாக்கிய படைப்பைப் பதிவு செய்ய முடியாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தனக்கென்று உரிமையோடு ஓர் இசை வேண்டும் என்று கேட்கிறவருக்கு அதைக் கொடுக்க முடிகிறவர்கள் இன்று நாங்கள்தான். எங்களிடம் இருக்கிற அந்த ஒன்றை விலையே இல்லாமல் கூடச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுக் கோரிக்கைகளுக்கு வருகிறேன். தேடும்போது நிமிட விலை குறைவாக உள்ளவர் மேலே வருவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறைக்கு இப்போதுதான் வருகிற இளையவர்களை நான் தினமும் பார்க்கிறேன், நல்ல காது, நல்ல கை, ஆனால் விலை சொல்லத் தயக்கம். அவர்கள் மேலே வருவதற்காக விலையை இறக்குவார்கள், பக்கத்தில் இருப்பவர் இன்னும் இறக்குவார். பாடகியை அழைக்கக் காசு இருக்காது, மாஸ்டரிங்குக்கு நேரம் இருக்காது, கேட்கிறவர் இந்தத் தளத்தில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போவார். அவர்களில் பாதிப் பேர் ஓரிரு ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதுதான் என் பயம், போன சிலரை எனக்கே தெரியும்.

ஆகவே கேட்கிறேன். புதிய விதிகள் அமலுக்கு வரும் தேதியைத் தள்ளிவையுங்கள், தளத்தில் ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்களிடமும் ஆர்டர் கொடுக்கிறவர்களிடமும் கருத்துக் கேளுங்கள். நிமிட விலையைக் கட்டாயமாக்காதீர்கள், ஒரு வேலைக்கு இவ்வளவு என்று முழுத்தொகை சொல்லும் வசதியை விட்டுவையுங்கள், வேலைக் கூலி, வெளிச்செலவு, லைசன்ஸ் என மூன்று வரிகளும் பில்லில் தனித்தனியே தெரியட்டும். வெளிச்செலவு வரியின்மேல் உங்கள் பங்கை எடுக்காதீர்கள். திருத்தங்களின் எண்ணிக்கையை இசையமைப்பாளரே குறிப்பிடட்டும், வாடிக்கையாளர் சரி சொன்ன ஒவ்வொரு படியும் தளத்தில் பதிவாகட்டும், சரி சொன்ன படிக்குத் திரும்பிப் போனால் தனிக் கட்டணம் என்பது விதியிலேயே இருக்கட்டும்.

பணத்தில் பாதியை வேலை தொடங்கும்போதே விடுவியுங்கள். மீதிக்கு ஒரு கெடு வையுங்கள், இறுதி ஃபைல் கிடைத்தும் வாடிக்கையாளர் அந்தக் கெடுவுக்குள் எதுவும் சொல்லாவிட்டால் பணம் தானாக வந்துசேர வேண்டும். பாதியில் ரத்தானால் முடிந்த படிகளுக்கான கூலி எங்களுக்குச் சேர வேண்டும், டெமோ எங்களிடமே இருக்க வேண்டும், எந்த உரிமையும் முழுப் பணம் வந்த பிறகுதான் மாற வேண்டும். ஸ்டெம்களையும் (வாத்தியங்கள் தனித்தனியாக உள்ள ஒலி ஃபைல்கள்) ப்ராஜெக்ட் ஃபைலையும் தானாகச் சேர்க்கச் சொல்லாதீர்கள், கேட்கிறவருக்குத் தனி விலையில் தருகிறோம். லைசன்ஸ் பகுதியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், குடும்பப் பயன்பாடு, இணைய வீடியோ, விளம்பரம், முழு உரிமை என்று வாங்குகிறவருக்குப் புரிகிற நான்கைந்து வகைகள் போதும், ஒவ்வொன்றும் எதை அனுமதிக்கிறது என்று எளிய நடையில் எழுதுங்கள். கன்டென்ட் ஐடியில் சேர்ப்பதா வேண்டாமா, சேர்த்தால் எந்தச் சேனலுக்கு அனுமதி என்பதை ஆர்டர் படிவத்திலேயே கேளுங்கள். லூப் பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்ல ஓர் இடம் கொடுங்கள். தேடலில் விலையை வைத்து மட்டும் வரிசைப்படுத்துவதை நிறுத்துங்கள்.

இதற்கு எனக்குத் தனியாக மின்னஞ்சலில் பதில் வேண்டாம். எல்லா இசையமைப்பாளர்களும் பார்க்கும்படி, அறிவிப்பை வெளியிட்ட அதே பக்கத்தில், விதிகள் அமலுக்கு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள், இல்லை என்றால் ஏன் என்றும் எழுதுங்கள்.

உங்கள் தளத்தில் ஆர்டர் எடுத்துச் செய்யும் ஓர் இசையமைப்பாளர்